நிலம் 4%, மக்கள் 6%, எம்.பி 7%, பொருளாதாரம் 9%: கண்டாச்சிபுரம் ஓட்டுக்கு டெல்லியில் என்ன வெயிட்?

இந்தியா மாதிரி ஒரு பெரிய நாட்டில் தமிழ்நாடு எவ்வளவு பெரிசு? எதை வச்சு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

நிலப்பரப்பு: நாட்டின் 32.87 லட்சம் சதுர கி.மீட்டரில் சுமார் 1.30 லட்சம். அதாவது 4%.
மக்கள்: 2011 கணக்கெடுப்புப்படி 121 கோடியில் 7.21 கோடி. சுமார் 6%.
மக்களவை: 543 இடங்களில் 39. அதாவது 7.2%.
பொருளாதாரம்: நாட்டின் ஜி.டி.பி-யில் சுமார் 9%.
மத்திய வரிப் பகிர்வு: 15-வது நிதிக்குழு கொடுத்தது 4.079%.

ஒரே மாநிலத்துக்கு அஞ்சு விதமான எண்கள். இதில் நடுவில் இருக்கிற அந்த 7.2%-தான் இப்போது பேசுபொருள். 2025 ஜூன் 16 அன்று மத்திய அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கையை வெளியிட்டுவிட்டது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்து நாடு எண்ணப்படும். அந்த எண்ணிக்கை வெளியானதும், 50 வருஷமாகப் பூட்டி வைத்திருக்கும் ஒரு கதவு திறக்கும். அதன் பெயர் தொகுதி மறுவரையறை.

'இது ஸ்டாலினும் அமித் ஷாவும் பேசிக்கிற விஷயம், நமக்கென்ன' என்று விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் விட்டுவிட முடியாது. இந்த மாவட்டம் ஏற்கெனவே ஒரு ரவுண்டு பார்த்திருக்கு.

திண்டிவனம் எம்.பி எங்கே போனார்?

2004 தேர்தல் வரைக்கும் திண்டிவனம் ஒரு மக்களவைத் தொகுதி. 2009-ல் அந்தப் பெயர் பட்டியலிலேயே இல்லை. அதற்குப் பதிலாக விழுப்புரம் (தனி) என்று ஒரு தொகுதி வந்தது. இப்போது அதன் எம்.பி விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் து.ரவிக்குமார். இந்தத் தொகுதிக்குள் திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்று 6 சட்டமன்றத் தொகுதிகள். செஞ்சியும் மயிலமும் ஆரணி மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டன.

சட்டமன்றத்திலும் இதே கதைதான். அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் முகையூர், கண்டமங்கலம், மேல்மலையனூர், சின்னசேலம் உள்ளிட்ட பெயர்கள் காணாமல் போயின. விக்கிரவாண்டி, மயிலம், கள்ளக்குறிச்சி உள்ளிட்டவை வந்தன. 2024 ஜூலை இடைத்தேர்தலில் தமிழ்நாடே பேசிய விக்கிரவாண்டி, 2011-ல்தான் முதல்முறையாகத் தன் எம்.எல்.ஏ-வைத் தேர்ந்தெடுத்தது. போனது அஞ்சு, வந்தது நாலு. மாவட்டத்துக்கு ஒரு எம்.எல்.ஏ குறைந்தார்.

அதே சமயம் சென்னை மாநகரின் தொகுதிகள் 14-லிருந்து 16 ஆகின. மதுரவாயல், சோழிங்கநல்லூர், மாதவரம் மாதிரி சென்னையைச் சுற்றியும் புதுத் தொகுதிகள் முளைத்தன.

கண்டாச்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அங்கே போய்விட்டது; கண்டாச்சிபுரம் வட்டம் விழுப்புரத்திலேயே நின்றது. ஆனால் தொகுதி எல்லை மாறவில்லை. அதனால் இந்தப் பக்கத்து கிராமங்கள் பலவற்றுக்கு கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்தில். ஓட்டுப் போடும் தொகுதியின் பெயரோ பக்கத்து மாவட்டத்து ஊரான திருக்கோவிலூர். நிர்வாகத்துக்கு ஒரு வரைபடம், தேர்தலுக்கு வேறொரு வரைபடம்.

இந்த மாற்றங்களைச் செய்தது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம். 2002-ல் அமைக்கப்பட்டது, 2008-ல் அதன் ஆணை நடைமுறைக்கு வந்தது. அந்த ரவுண்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மாநிலத்துக்கு உள்ளே கோடுகளை மாற்றலாம். ஆனால் தமிழ்நாட்டின் 39-ஐயோ, உத்தரப் பிரதேசத்தின் 80-ஐயோ தொடக்கூடாது. அடுத்த ரவுண்டில் அந்தக் கட்டுப்பாடு இருக்காது. அதுதான் வித்தியாசம்.

பூட்டு ஏன் போட்டார்கள்?

அரசமைப்புச் சட்டத்தின் அசல் திட்டம் சிம்பிள். ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடங்களைப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்ததில் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை அடி வாங்கியிருக்கு. 1962 தேர்தலில் 41 எம்.பி-க்கள். 1967-ல் 39.

எமர்ஜென்சி காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்கிற மாநிலம் எம்.பி-க்களை இழக்கும் என்றால் யார் செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதனால் 1971 மக்கள்தொகையையே 2000 வரை வைத்துக்கொள்வது என்று முடிவானது. 2001-ல் வாஜ்பாய் ஆட்சியில் 84-வது திருத்தம் அந்தப் பூட்டை நீட்டித்தது. எதுவரை? '2026-க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை.'

இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் படிக்கணும். 10 வருஷத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் 2021-ல் கணக்கெடுப்பு நடந்திருந்தால், 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு 2031 ஆக இருந்திருக்கும். கொரோனாவால் 2021 தள்ளிப்போனது. தள்ளித் தள்ளி 2027-க்கு வந்தது. விளைவு, இப்போது 2027-தான் அந்த 'முதல் கணக்கெடுப்பு'. ஒரு தாமதம், பூட்டு திறக்கும் நேரத்தை நாலு வருஷம் முன்னாடி இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. 1881-லிருந்து 10 வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு முதல்முறையாகத் தவறியதன் பின்விளைவு இது.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

1971-ல் இந்தியாவில் 54.8 கோடி பேர். தமிழ்நாட்டில் 4.12 கோடி. பங்கு 7.5%. 2011-ல் அதே பங்கு 6% ஆகிவிட்டது. இங்கே குழந்தைகள் குறைவாகப் பிறந்தார்கள் என்பதே முக்கியக் காரணம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, உத்தரப் பிரதேசத்தில் 2.4, பீகாரில் 3.0. 2027 எண்ணிக்கை வந்தால் நம் பங்கு இன்னும் இறங்கும் வாய்ப்புதான் அதிகம்.

இப்போதைக்குக் கையில் இருக்கும் 2011 எண்களை வைத்தே மூன்று கணக்குகள் போடலாம்.

முதல் கணக்கு: மொத்தம் 543-ஏ இருக்கட்டும், மக்கள்தொகைப்படி பிரிக்கலாம். தமிழ்நாடு 39-லிருந்து 32. கேரளா 20-லிருந்து 15. உத்தரப் பிரதேசம் 80-லிருந்து 90. பீகார் 40-லிருந்து 47.

இரண்டாவது கணக்கு: மொத்த இடங்களைக் கூட்டலாம். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை அரங்கில் 888 இருக்கைகள் இருக்கு. அதையே எடுத்துக்கொண்டு மக்கள்தொகைப்படி பிரித்தால் தமிழ்நாட்டுக்கு 53. 'அட, 14 கூடிடுச்சே' என்று தோணும். ஆனால் உத்தரப் பிரதேசத்துக்குச் சுமார் 146. இன்றைக்கு இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 41. அப்போது 93. நம் பங்கு 7.2%-லிருந்து 6% ஆகியிருக்கும்.

மூன்றாவது கணக்கு: 888 இடங்களை இன்றைய விகிதத்திலேயே பிரித்தால் தமிழ்நாட்டுக்கு 64. பங்கு அதே 7.2%.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிற 11 எம்.பி-க்கள்தான் இந்தச் சண்டையின் மையம். 2025 பிப்ரவரி 26 அன்று கோவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாச்சார அடிப்படையில் எந்தத் தென் மாநிலமும் ஒரு இடத்தைக்கூட இழக்காது என்றார். உடனே எழுந்த கேள்வி, எந்த விகிதாச்சாரம்? மக்கள்தொகை விகிதமா, இன்றைய இட விகிதமா? 'இடம் குறையாது' என்பது இரண்டாவது கணக்கிலும் உண்மைதான். 'பங்கு குறையாது' என்பது மூன்றாவது கணக்கில் மட்டுமே உண்மை. இனி யார் வாக்குறுதி கொடுத்தாலும் இந்த ஒரு வார்த்தையை மட்டும் பாருங்கள்: இடமா, பங்கா?

தமிழ்நாட்டின் நிலைப்பாடு 2025 மார்ச் 5 அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் தீர்மானமானது. 2026-லிருந்து இன்னும் 30 ஆண்டுகளுக்கு 1971 அடிப்படையே தொடர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மார்ச் 22 அன்று சென்னையில் கூட்டு நடவடிக்கைக் குழுவின் கூட்டமும் நடந்தது.

வடக்கு கேட்பதில் நியாயமே இல்லையா?

இருக்கு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் விவாதம் முழுசாகாது.

2011 மக்கள்தொகைப்படி தமிழ்நாட்டில் ஒரு எம்.பி சராசரியாக 18.5 லட்சம் பேருக்குப் பிரதிநிதி. உத்தரப் பிரதேசத்தில் 25 லட்சம். பீகாரில் 26 லட்சம். ராஜஸ்தானில் 27 லட்சத்துக்கும் மேல். கண்டாச்சிபுரத்தில் வாழ்கிற ஒருவரின் குரலுக்கு மக்களவையில் இருக்கும் எடை, ராஜஸ்தான் கிராமத்தில் வாழ்கிற ஒருவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஜனநாயகத்தில் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்பதுதான் அடிப்படை. அந்த அளவுகோலில் பார்த்தால் குறைபட்டுக்கொள்ள வேண்டியவர் ராஜஸ்தான்காரர்.

இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. 'ஒரு ஆளுக்கு ஒரே எடை' என்பது ஒன்று. 'ஒப்பந்தத்தை நம்பிச் செயல்பட்ட மாநிலத்தைத் தண்டிக்காதே' என்பது இன்னொன்று.

மற்ற பெரிய கூட்டாட்சிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவில் ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் கீழவையின் 435 இடங்கள் மறுபடி பிரிக்கப்படும். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு கலிஃபோர்னியா ஒன்றை இழந்தது, டெக்சாஸுக்கு இரண்டு கூடியது. பெரிய கலவரம் எதுவும் இல்லை. காரணம், மேலவையான செனட்டில் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 2 இடம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பெரிய நாட்டுக்கு இடம் அதிகம், ஆனால் மக்கள்தொகை அளவுக்கு அதிகம் கிடையாது. ஜெர்மனிக்கு 96, குட்டி நாடான மால்டாவுக்கு 6.

நம் மாநிலங்களவையில் அந்தச் சமன் இல்லை. அங்கேயும் மக்கள்தொகைதான் அளவுகோல். உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. கீழே இழந்ததை மேலே பிடிக்க வழி இல்லாததால்தான் மக்களவையின் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு சண்டை. மாநிலங்களவையை மாற்றி அமைப்பது பற்றி நம் அரசியல் மேடைகளில் பேச்சு ரொம்பக் குறைவு. ஆனால் நிரந்தரத் தீர்வு ஒருவேளை அந்தப் பக்கம் இருக்கலாம்.

எம்.பி எண்ணிக்கைக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு எம்.பி-க்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். எம்.பி குறைந்தால் அந்த நிதியும் குறையும். ஆனால் இது சின்ன விஷயம்.

பெரிய பணம் நிதிக்குழு வழியாக வருகிறது. மத்திய அரசின் பகிரத்தக்க வரியில் 41% மாநிலங்களுக்கு என்று 15-வது நிதிக்குழு சொன்னது. அதை மாநிலங்களுக்குள் பிரிக்க ஒரு ஃபார்முலா: ஏழை மாநிலத்துக்கு முன்னுரிமை தரும் 'வருமான இடைவெளி'க்கு 45%, மக்கள்தொகைக்கு 15%, நிலப்பரப்புக்கு 15%, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் செயல்பாட்டுக்கு 12.5%, காடு மற்றும் சூழலுக்கு 10%, வரி வசூல் முயற்சிக்கு 2.5%. மக்கள்தொகை என்றால் எந்த ஆண்டு? 1971 அல்ல, 2011. அதாவது எம்.பி கணக்கில் இன்னும் பூட்டிக் கிடக்கும் கதவு, பணக் கணக்கில் ஏற்கெனவே திறந்தாகிவிட்டது.

13-வது நிதிக்குழுவில் தமிழ்நாட்டின் பங்கு 4.969%. 14-வதில் 4.023%. 15-வதில் 4.079%. அதே 15-வது குழு உத்தரப் பிரதேசத்துக்கு 17.939%, பீகாருக்கு 10.058% கொடுத்தது. இதற்கு மேல், செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் மத்திய அரசு வசூலிப்பது இந்தப் பகிர்வுக்குள் வராது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பணத்தில் பங்கு குறைந்தபோது 'இது நியாயமா' என்று கேட்க 39 பேர் இருந்தார்கள். அந்தக் கேள்வி கேட்கிற பங்கும் குறைந்தால்? தமிழ்நாட்டின் பயம் இந்த இரட்டைக் குறைவுதான்.

சென்னையிடம் விழுப்புரம் என்ன கேட்கலாம்?

மாநிலத்துக்கு வெளியே பார்த்தது போதும். உள்ளே வருவோம். பிரிவதற்கு முன் விழுப்புரம் தமிழ்நாட்டின் மிகப் பெரிய மாவட்டங்களில் ஒன்று. 7,000 சதுர கி.மீட்டருக்கு மேல் பரப்பு, 2011-ல் 34.58 லட்சம் மக்கள். அதில் சுமார் 85% கிராமத்தில். மாநிலம் மொத்தத்துக்கும் அப்போது கிராமத்தில் இருந்தவர்கள் 52% கூட இல்லை. தனிநபர் வருமானத்தில் மாநிலத்தின் கடைசி வரிசை மாவட்டங்களில் ஒன்று. நெல், கரும்பு, மணிலா, உளுந்து; அதற்கு மேல் வருமானம் வேண்டும் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறணும்.

பஸ் ஏறியவர் எங்கே எண்ணப்படுவார்? ஆதார் கார்டில், ரேஷன் கார்டில், வாக்காளர் அட்டையில் எந்த ஊர் இருந்தாலும், கணக்கெடுப்பு பார்ப்பது நீங்கள் வழக்கமாகத் தங்கியிருக்கும் இடத்தை. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுவீடாக எண்ணினார்கள். அந்த நாள்களில் வேளச்சேரி மேன்ஷனில் இருந்தவர் சென்னைக் கணக்கு. பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வந்து போனவர் ஊர்க் கணக்கில் இல்லை.

தொகுதி பிரிப்பதும் வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, மக்கள்தொகையை வைத்து. ஆக, வேலைக்கு வெளியே போகும் ஒவ்வொரு இளைஞரும் சேர்ந்து ஊரின் எடை குறைகிறது. போய்ச் சேர்ந்த நகரத்தின் எடை கூடுகிறது. 2008-ல் விழுப்புரம் ஒன்றை இழந்து சென்னை இரண்டைப் பெற்ற கதையின் அடுத்த பாகம் இப்படித்தான் எழுதப்படும். இதே விதிப்படிதான் திருப்பூரில் வேலை செய்யும் பீகார் தொழிலாளி தமிழ்நாட்டுக் கணக்கில் வருவார், நம் எண்ணிக்கையைக் கூட்டுவார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

'உழைத்துக் கொடுக்கிறோம், ஆனால் எண்ணிக்கை குறைவு என்று எங்களை ஓரங்கட்டாதீர்கள்' என்பது டெல்லியிடம் தமிழ்நாடு வைக்கும் வாதம். அதே வாதத்தைச் சென்னையிடம் வைக்க விழுப்புரத்துக்கும் உரிமை இருக்கு. மாநிலத்துக்குப் பங்கு கேட்கிற கட்சிகள், மாநிலத்துக்குள் பின்தங்கிய மாவட்டத்தின் பங்கு பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்பது தப்பில்லை.

அடுத்து என்ன நடக்கும்?

முதல் கட்டமாக 2026 ஏப்ரல் முதல் வீட்டுப் பட்டியல் எடுக்கும் வேலை. இரண்டாம் கட்டத்தில் ஆட்களை எண்ணுவது. பனி மூடும் லடாக் போன்ற பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1, மற்ற இடங்களுக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. முதல்முறையாக மொபைல் ஆப் வழியாக டிஜிட்டல் கணக்கெடுப்பு. நாமே விவரங்களைப் பதிவு செய்யவும் வசதி உண்டு. சாதி விவரமும் கேட்கப்படும். 2026 சட்டமன்றத் தேர்தல் பழைய எல்லைகளிலேயே நடக்கும்.

எண்ணிக்கை வெளியான பிறகு நாடாளுமன்றம் மறுவரையறைச் சட்டம் கொண்டுவர வேண்டும், ஆணையம் அமைய வேண்டும். போன முறை ஆணையம் அமைந்ததிலிருந்து ஆணை நடைமுறைக்கு வர ஆறு வருஷம் ஆனது. அந்த வேகம் என்றால் 2029 தேர்தலுக்குள் முடியாது. ஆனால் அவசரப்படுத்த ஒரு காரணம் இருக்கு. பெண்களுக்கு 33% இடஒதுக்கீடு தரும் 2023-ம் ஆண்டின் 106-வது திருத்தம், மறுவரையறைக்குப் பிறகுதான் அமலுக்கு வரும். மறுவரையறையைத் தள்ளிப்போடச் சொல்பவர்கள், பெண்களின் இடஒதுக்கீட்டை அதிலிருந்து பிரித்து உடனே கொடுக்கச் சொல்லவில்லை என்றால் அவர்கள் வாதத்தில் ஓட்டை விழும்.

எம்.பி எண்ணிக்கை டெல்லியில் முடிவாகும். அதில் கண்டாச்சிபுரம்காரரால் நேரடியாகச் செய்ய முடிவது குறைவு. ஆனால் இரண்டு விஷயங்கள் நம் கையில் இருக்கு. ஒன்று, கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டில் இருக்கும் கைக்குழந்தையிலிருந்து பாட்டி வரை ஒருத்தர் விடாமல் பதிவாவது. நகரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தால் அங்கேயாவது பெயர் வருகிறதா என்று பார்ப்பது. இரண்டு இடத்திலும் விட்டுப்போனால் தமிழ்நாட்டுக் கணக்கிலேயே ஒரு ஆள் குறைவு.

இரண்டாவது, ஆணையம் வரைவு வரைபடத்தை வெளியிடும்போது ஆட்சேபம் சொல்ல பொதுமக்களுக்கு நேரம் தரப்படும், கருத்துக்கேட்புக் கூட்டங்களும் நடக்கும். எந்த ஊரை எந்தத் தொகுதியோடு சேர்ப்பது, தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒத்துப்போகுமா என்பதெல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். இறுதி ஆணை வந்துவிட்டால் அதை நீதிமன்றத்தில் மாற்றுவது ரொம்பக் கஷ்டம். கிராமசபைத் தீர்மானமோ, பஞ்சாயத்துத் தலைவர் கொடுக்கும் மனுவோ, அந்த வரைவு வெளியாகும் வாரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் பலன்.